மாற்றம்: இல்லை

என் அண்ணி பெயர்ச்சீட்டு ஒட்டாமல் எந்தப் போத்தலையும் கையிலிருந்து கீழே வைக்கமாட்டார். செம்பனை ஆலையில் அவருக்குச் சோதனைக்கூட வேலை. எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது. அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், கோல சிலாங்கூரில் எங்கள் அம்மாவின் அடுக்களையில் சீனி, உப்பு, மஞ்சள்தூள் எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சீட்டு வந்துவிட்டது. கீழே திறந்த தேதி. முப்பது வருடமாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தே சமைத்த அம்மா, "எவ்ளோ நீட்டா செஞ்சிருக்கு பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே அடுக்களையை நான் இரண்டு தடவை ஒதுக்கி அடுக்கியிருக்கிறேன். அப்போது யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

எனக்கு அண்ணி மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி நான் எழுதும் எதையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொய் சொல்ல வராது அவருக்கு. மரியாதைக்குக்கூட வராது. அம்மா மீன் கறி வைத்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "உப்பு கொஞ்சம் தூக்கல், அத்தை. புளி சரியா இருக்கு" என்பார். அம்மா சிரிப்பார். நான் சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் முகம் பார்த்துப் பேச ஆளிருக்காது.

ஆனால் உப்புக்கும் பெயர்ச்சீட்டுக்கும் ஒருத்தி இத்தனை வருடம் பொறாமைப்படமாட்டாள். விஷயம் ஒரு பாட்டு.

அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஆபீசில் பழைய கணினியைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கேட்டு வாங்கி லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதோடு நான்கு டிஸ்க்குகள் வந்தன. அவற்றில் ஒரு கப்பல் விளையாட்டு. தீவு தீவாகப் போய் மிளகும் துணியும் ஏற்றி இறக்க வேண்டும். எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. பள்ளி விட்டு வந்து, சட்டை மாற்றாமல், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்வோம். கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது ஒரு பாட்டு வரும். சின்ன மணிகளை அடுக்கித் தட்டியதுபோல் உச்சியில் ஓடும். துறைமுகத்துக்குள் நுழைந்தால் நின்றுவிடும். அதனால் அண்ணன் நுழைய மாட்டான். கப்பலை வாசலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்து பாப்பா" என்பான். மிளகு அழுகிப் போகும், கடற்கொள்ளைக்காரன் வருவான், கப்பல் முங்கும். நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பிறகு கணினி கெட்டது. தோட்டத்தை விட்டு வந்தோம். அண்ணன் ஆலையில் பாய்லர் பக்கம் வேலைக்குப் போனான். அந்தப் பாட்டை மட்டும் விசிலில் வைத்திருந்தான். மோட்டார் சைக்கிளைத் துடைக்கும்போதும் விசில், குளிக்கும்போதும் விசில். நான் அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு கீபோர்டில் பிடித்தேன். தேவாலயத்தில் நான்தான் கீபோர்ட் வாசிப்பவள், அதனால் காது கொஞ்சம் உண்டு. அண்ணன் கல்யாண விருந்தில் அதை வயலின் சத்தமெல்லாம் சேர்த்து, தாளம் போட்டு வாசித்தேன். மேடையில் இருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மண்டபத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நானும் அவனும் மட்டும்தான்.

மறுநாள் காலை, பசியாறும் நேரத்தில், அண்ணி என்னிடம் வந்தார்.

"பாப்பா, நேத்து வாசிச்சது என்னா பாட்டு?"

பாப்பா என்பது அண்ணன் என்னைக் கூப்பிடுவது. வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஆகவில்லை, அதையும் எடுத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளைல நாங்க விளையாண்ட கேம்ல உள்ளது, அண்ணி. இப்ப அதெல்லாம் கெடைக்காது."

"டிஸ்க் இருக்கா?"

"பூஞ்சணம் பூத்துப் போச்சு. தூக்கிப் போடாம வச்சிருக்கோம், அவ்ளோதான்."

"பூஞ்சணந்தானே, கழுவிப் பாக்கலாம்" என்றார்.

நான் உள்ளுக்குள் சிரித்தேன். டிஸ்க்கைக் கழுவுகிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணி கழுவினார். பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டை எடுத்து, சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைத் துடைக்கும் அதே கையால் துடைத்து, நிழலில் காயவைத்து, வேறு கூட்டில் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். இதற்கென்றே டிஸ்க்கைப் படிக்கும் பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி வந்து தன் கணினியில் இணைத்தார். மூன்றாவது டிஸ்க்கை அது படிக்க மறுத்தது. வேலை விட்டு வந்து தினமும் அதைப் போட்டுப் போட்டு எடுத்தார். ஒரு நாள் படிக்கும், ஒரு நாள் படிக்காது. படித்த துண்டையெல்லாம் சேர்த்துவைத்தார். நானாக இருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன்.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் பாட்டு பாட்டாக இருக்காது என்று அண்ணியிடம்தான் தெரிந்துகொண்டேன். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம், என்ன வாத்தியம் என்று எல்லாம் எண்களாக எழுதிவைத்திருப்பார்கள். கணினியில் இருந்த ஒலி அட்டை அதைப் பார்த்து அந்த நொடியில் வாசிக்கும். படமும் எழுத்தும் பாட்டும் ஒரே மூட்டையில் கலந்து கிடக்கும். பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, தனியே பிரித்து, பழைய ஒலி அட்டை எப்படி வாசித்திருக்குமோ அப்படியே வாசிக்கவைத்து, இந்தக் காலத்துக் கைப்பேசியிலும் காரிலும் கேட்கும்படி மாற்ற வேண்டும். அண்ணி அதற்கான நிரல்களைத் தேடிப் படித்துக் கற்றுக்கொண்டார். "எண்ணெயில தண்ணிய பிரிக்கிறமாரிதான்" என்றார். எனக்கு எண்ணெயும் தெரியாது.

நாலு மாதத்தில் பாட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கும்போது போட்டுக் காட்டினார். அதே மணிகள். அதே தகரச் சத்தம். அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான். நான் வாசித்தபோது எழுந்து நின்றான்தான், ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை.

"தகரத்துல தட்டுனமாரி இருக்குல்ல?" என்றேன். "நல்ல பியானோ சத்தம் போட்டா எடுப்பா இருக்கும் அண்ணி."

"போடலாம். ஆனா அது வேற பாட்டாயிரும் பாப்பா. உள்ள இருக்கறதத்தான் எடுக்கணும், நாம ஒண்ணும் சேக்கக்கூடாது." அப்புறம், யாரும் கேட்காமலே, "நீ வாசிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வரில ஒரு சுரம் கூட இருக்கு. இதுல அது இல்ல" என்றார்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "அது நான் விசில்ல சும்மா சேத்துக்கிட்டது லா! பாப்பா அதையும் சேத்துப் புடிச்சிருக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பாட்டுக்காக நான் கீபோர்டைத் தொடவில்லை.

அண்ணி அதோடு நிறுத்தவில்லை. அந்த விளையாட்டின் மற்றப் பாட்டுகள், பிறகு வேறு விளையாட்டுகள் என்று, பழைய டிஸ்க் வைத்திருக்கும் ஆட்களைத் தேடிப் பத்தாங் காலி ஊர் வரைக்கும் போனார். ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சின்னக் குறிப்பு வைப்பார். ஆலையில் மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதுபவர், இதைத் தமிழில் எழுதினார். எடுத்தது எந்த டிஸ்க், எழுதியவர் யார், கடைசி வரியில் "மாற்றம்: இல்லை." ஒரு விளையாட்டில் இசையமைத்தவர்கள் என்று இரண்டு பேர் பெயர் இருந்தது. எந்தப் பாட்டு யாருடையது என்று எங்கும் இல்லை.

"ரெண்டுல ஒரு பேர போடுங்க அண்ணி. யாரு வந்து கேக்கப் போறா?"

"தெரியலன்னா தெரியலன்னு போடறதுதான் சரி" என்று சொல்லி, "எழுதியவர்: தெரியவில்லை" என்று அடித்தார்.

இந்த வேலை செய்யும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அண்ணி இணையத்தில் போட்டதைக் கேட்டு எங்கெங்கிருந்தோ அவருக்கு நன்றி எழுதினார்கள். எடுத்தவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கும், அதை அவர் காலியாகவே விடுவார். நானாக இருந்தால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச வருடத்தில் அண்ணன் மாறினான். முன்பெல்லாம் நான் ஆசிரியையாக இருக்கும் பாலர் பள்ளியில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லச் சொல்ல, குறுக்கே பத்துக் கேள்வி கேட்பான். இப்போது வெறுமனே சிரித்துக்கொண்டே இருப்பான். நான் முடித்ததும் அண்ணியைப் பார்ப்பான். அண்ணி அவன் பக்கம் திரும்பி, நான் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் பதில் வரும். என் அண்ணனிடம் நான் பேசுவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டுமா? ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தவர்கள் நாங்கள். விசிலும் நின்றுபோயிருந்தது. அதற்கும் அண்ணிதான் காரணம் என்று நான் முடிவுகட்டினேன். அசல் கையில் வந்த பிறகு விசில் எதற்கு?

அப்படி ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஆலைக் குடியிருப்புக்கு மாறிப் போயிருந்த இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சுங்கை பெசாரில் தோழியிடம் சொல்லிவைத்திருந்த கேக்கை எடுத்துவர நான் அண்ணன் காரை வாங்கிக்கொண்டு போனேன். அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே போகும்போது காரில் இருந்த பெண்டிரைவைத் தட்டிவிட்டேன். துறைமுகப் பாட்டு வந்தது.

தப்பாக வந்தது.

மணிகள் உச்சியில் இல்லை. பாட்டு அதேதான், வேகமும் அதேதான், ஆனால் கனமாக, தொண்டைக்குள் பாடுவதுபோல். காரை ஓரம் கட்டி இன்னொரு முறை கேட்டேன். சரியாக ஒரு ஆக்டேவ் கீழே. கீபோர்டில் எட்டாவது வெள்ளைக் கட்டைக்கு இறங்கியிருந்தது. இந்த வேலையில் இது சாதாரணமாக நடக்கும் தவறு என்று அண்ணியே எனக்குச் சொல்லியிருக்கிறார். வாத்தியத்தைப் பற்றிய ஓர் எண்ணைக் கவனிக்காமல் விட்டால் பாட்டு முழுவதும் இப்படி இறங்கிவிடும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது செய்வார்களாம். அண்ணியும் செய்திருக்கிறார்!

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? கேக்கை எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன். பெண்டிரைவை உருவி என் கணினியில் போட்டு, அண்ணி முதலில் தந்த பாட்டோடு வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பாட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய குறிப்பும் இருந்தது. அதை நான் திறக்கவில்லை. அண்ணியின் குறிப்பில் கடைசி வரி என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானம் எல்லாரும் மேசையில். அப்பா, அம்மா, இரண்டு அத்தைமார், அண்ணன், அண்ணி. ஆட்டுக்கறி பரிமாறும்போது நான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இது அண்ணி மொதல்ல எடுத்தது." போட்டேன். "இது இப்ப கார்ல ஓடறது." அதையும் போட்டேன். "ஒரு ஆக்டேவ் எறங்கிப் போச்சு! மாற்றம் இல்லன்னு எழுதறவங்களுக்கே தப்பு வருது பாருங்க!"

அத்தைமாருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா. தப்பு பண்ணிட்டேன் பாப்பா" என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் அவர் எதற்கும் ஆமாம் போட்டதே இல்லை. உப்பு தூக்கல் என்று மாமியாரிடம் சொல்கிற ஆள். எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு தடவை கறி போட்டுக்கொண்டேன். மூன்றாவது வரியில் கூடிப்போன அந்த ஒரு சுரத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பு.

சாப்பிட்டு முடித்து, அந்தத் தப்பான பாட்டை என் கணினியில் ஒரு பிரதி எடுத்துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சாட்சிக்கு. பாட்டோடு குறிப்பும் சேர்ந்து வந்தது. சும்மா திறந்தேன்.

"துறைமுகப் பாட்டு. எடுத்தது: மூன்றாம் டிஸ்க். மாற்றம்: உண்டு. ஒரு ஆக்டேவ் கீழே இறக்கியது. மேல் சுரங்கள் அவருக்குக் கேட்பதில்லை. ஜூன் மாதக் காதுச் சோதனையின்படி."

மூன்று தடவை படித்தேன். பிறகு அடுக்களைக்குப் போனேன். அண்ணி தனியாகத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்குக் காது கேக்கலையா?"

அவர் திரும்பாமலே, "படிச்சிட்டியா?" என்றார். "மேல் சத்தம் கேக்கல பாப்பா. பாய்லர் சத்தம், இத்தன வருஷம். ஆரம்பத்துல காதுக்கு ஒண்ணும் மாட்டாமலே வேல செஞ்சிருக்காரு. அந்தப் பாட்டு போட்டா ஒண்ணுமே ஓடாதமாரி இருக்குன்னாரு. அதான் எறக்கிக் கொடுத்தேன்."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா. சொல்லாதேன்னாரு."

"எங்கிட்டயுமா?"

"ஒங்கிட்டதான் சொல்லவே கூடாதுன்னாரு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "ஏன்? ஒங்களுக்கு முன்னாடி அவன எனக்குத்தானே தெரியும்? ஏன் எங்கிட்ட மட்டும்?"

அண்ணி குழாயை மூடினார். பொய் சொல்லத் தெரியாத முகம். மேசையில் சொன்ன அந்த ஒரு பொய்யோடு அவருடைய கணக்கு தீர்ந்துவிட்டது போலிருந்தது.

"ஒன் கொரலும் அந்த ஒசரத்துலதான் இருக்கு பாப்பா. பிள்ளைங்களோட கத்திக் கத்தி இன்னும் மேல போயிருச்சு. நீ பேசறது அவருக்குப் பாதிதான் கேக்குது. ஒனக்குத் தெரிஞ்சா அவர்கிட்ட பேசறதயே கொறச்சுக்குவன்னு பயம். கேக்கலன்னாலும் பரவால்ல, பேசிக்கிட்டே இருக்கட்டும், நான் பாத்துக்கிட்டே இருக்கேன்னாரு."

வெளியே, வாசல் கூரைக்குக் கீழே, அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். கதவருகே போய், "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. நான் கத்தப் போனேன். அண்ணி என் தோளில் கைவைத்தார்.

"சத்தம் கூட்டாத. எறக்கு."

"அண்ணே."

"இன்னும் கொஞ்சம் கீழ, பாப்பா."

தேவாலயத்தில் ஆண்கள் பாடும் வரியை எடுத்துக் கொடுக்கும்போது பிடிக்கும் சுரத்துக்கு இறங்கினேன். "அண்ணே."

அண்ணன் திரும்பினான். அண்ணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "என்னா பாப்பா?" என்றான்.

இருவரும் போன வருடம் சபாவில் ஓர் ஆலைக்கு மாறிப் போய்விட்டார்கள். அண்ணன் இப்போது காதுக்கருவி மாட்டுகிறான், ஆனால் தொலைபேசியில் பேசும்போது அது சரிப்படாது. அதனால் நான் அந்தச் சுரத்தில்தான் பேசுகிறேன். பாலர் பள்ளிக் கூத்தையெல்லாம் சொல்கிறேன். குறுக்கே பத்துக் கேள்வி கேட்கிறான். நடுவில் யாரும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

போனை வைத்ததும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணனுக்குக் கேட்கிற என் குரலைக்கூட அண்ணிதான் தேடி எடுத்துக் கொடுத்தார்.